பனிக்காலமும் எங்கள் தோலும்

டிசம்பர் லீவு முடிந்து பேராதனைக்குத் திரும்பி வந்த அன்றைக்கு, ஹொஸ்டல் ரூமில் பைகளைத் திறந்தோம். அவித்த கிழங்கு, அம்மா கட்டிக்கொடுத்த தேயிலைத்தூள், அப்பாயி பின்னிய தொப்பி எல்லாம் வெளியே வந்தபிறகு, அடியில் ஒரு தேங்காயெண்ணெய்ப் போத்தல் கிடந்தது. உள்ளே இருந்த எண்ணெய் வெள்ளையாகக் கட்டிபட்டிருந்தது. மட்டக்களப்பிலிருந்து வந்திருக்கும் எங்கள் ரூம்மேட் அதை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட நகரவில்லை.

"என்னடி இது, மெழுகா?"

"தேங்காயெண்ணெதான்."

"பின்ன ஏன் இப்பிடிக் கிடக்கு?"

"எங்க ஊர்ல இப்படித்தான் கிடக்கும்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே போனால் உறைந்துவிடும். அவளுடைய ஊரில் வருஷம் முழுவதும் அது தண்ணீர்தான். எங்கள் வீடுகளில் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை போத்தலுக்குள் ஈர்க்குச்சியை விட்டுக் கிண்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுப்போரம் வைத்து உருக்க வேண்டும். அன்று மத்தியானம் ஆவதற்குள் போத்தல் தானாகவே உருகிவிட்டது. ஆனால் எங்கள் கால்கள் அவ்வளவு சீக்கிரம் உருகவில்லை. கெண்டைக்காலில் வெள்ளை பூத்து, குதிகாலில் கோடு கோடாக வெடித்து, உதட்டோரம் கீறி, ஊரை அப்படியே தோலில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தோம்.

நாங்கள் என்று இங்கே சொல்வது மூன்று பேரை. ஒருத்தி லிந்துலைப் பக்கம், ஒருத்தி கந்தப்பளை, ஒருத்தி பொகவந்தலாவை. மூன்று பேரும் கலைப்பீடம். மூன்று பேருடைய அம்மாமாரும் கொழுந்து எடுப்பவர்கள். இந்தக் கட்டுரையை யார் எழுதினாள் என்பது முக்கியமில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து பேசித்தான் எழுதினோம்.

எச்சில் தொட்டுத் தேய்த்த கால்கள்

இலங்கை வெப்பவலய நாடு என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். பருவக்காற்று இரண்டு, இடைப்பருவம் இரண்டு என்று மனப்பாடம் செய்தோம். குளிர்காலம் என்று ஒன்று அதில் இல்லை. அந்தப் பாடத்தைப் படித்த வகுப்பறையில்தான், கையை அக்குளுக்குள் சொருகிக்கொண்டு, வாயிலிருந்து புகை விட்டு விளையாடிக்கொண்டிருந்தோம்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் இது தெரியும். காலைக் கூட்டத்துக்கு வரிசையில் நிற்கும்போது முழங்காலுக்குக் கீழே எல்லாருக்கும் சாம்பல் பூசியது போல இருக்கும். கறுத்த தோலில் அந்த வெள்ளை இன்னும் எடுப்பாகத் தெரியும். நகத்தால் ஒரு கோடு இழுத்தால் அது சோக்கட்டியில் எழுதியது போல நிற்கும். நாங்கள் அப்படித்தான் காலில் பெயர் எழுதி விளையாடினோம். "குளிக்காம வந்திருக்கியா?" என்று ஒரு டீச்சர் கேட்டபிறகு விளையாட்டு நின்றுபோனது. அன்றைக்கு விடியக்காலையில் வெந்நீர் போட்டுக் குளித்துவிட்டுத்தான் போயிருந்தோம். குளித்ததால்தான் அப்படி ஆனது என்று டீச்சருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம். பள்ளிக்கூட கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, விரலில் எச்சில் தொட்டு இரண்டு காலையும் தேய்த்துவிட்டு உள்ளே போவோம். பத்து நிமிஷத்துக்குக் கால் பளபளப்பாக இருக்கும். கூட்டம் முடிவதற்குள் முன்னைவிட மோசமாக வெளுத்துவிடும். எண்ணெய் பூசிக்கொண்டு வந்தவளுக்கு வேறு பிரச்சினை: மண் ரோட்டில் ஒன்றரை மைல் நடந்து வந்தால் புழுதி முழுக்க எண்ணெயில் ஒட்டி, கால் மாநிறத்திலிருந்து செம்மண் நிறத்துக்கு மாறியிருக்கும்.

இதெல்லாம் இப்போது சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் ஒன்றை மட்டும் சிரித்துச் சொல்ல முடியவில்லை. டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாறி வந்தபோது, காலைப் பார்த்துத்தான் எங்களைத் தோட்டத்துப் பிள்ளைகள் என்று கண்டுபிடித்தார்கள். பேச்சை மாற்றிக்கொண்டோம், தலை பின்னுவதை மாற்றிக்கொண்டோம். தோல்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தது. ஓ.எல். வகுப்பு முழுவதும், குளிரோ வெயிலோ, முழங்கால் வரை சொக்ஸ் இழுத்துவிட்டுத்தான் போனோம்.

ஏன் வெடிக்கிறது?

"பனி பட்டா வெடிக்கும்" என்பதோடு ஊரில் விளக்கம் முடிந்துவிடும். கெம்பஸ் வந்து, விஞ்ஞான பீடத்துப் பிள்ளைகளைக் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

எங்கள் லயத்துச் சுவர் கருங்கல்லும் சாந்தும். சாந்து உதிர்ந்த இடத்தில் காற்று உள்ளே வரும், சூடு வெளியே போகும். தோலின் மேற்படையும் அப்படிப்பட்ட ஒரு சுவர்தான். செத்த கலங்கள் கல், அவற்றுக்கு இடையில் இருக்கும் கொழுப்பு சாந்து. அந்தச் சாந்து சரியாக இருக்கும்வரை உடம்புக்குள் இருக்கும் நீர் உள்ளேயே இருக்கும். சாந்து கரைந்தால் நீர் ஆவியாகி வெளியே போய்விடும், மேற்படை காய்ந்து சுருங்கி வெடிக்கும்.

குளிர் காற்றால் அதிக நீராவியைப் பிடித்து வைத்திருக்க முடியாது. 5 பாகையில் இருக்கும் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும், 25 பாகைக் காற்று தாங்கக்கூடிய நீராவியில் மூன்றில் ஒரு பங்குகூட அதில் இருக்காது. அந்தக் காற்று அடுப்படிக்குள் வந்து சூடாகும்போது அதற்குத் தாகம் எடுக்கும். பக்கத்தில் இருக்கும் தோலிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். குளிருக்காக நாங்கள் அடுப்போரம் ஒட்டி உட்காருவது, கூடவே அந்த வேலையையும் செய்துவிடுகிறது.

மிச்சத்தை நாங்களே செய்துகொள்கிறோம். மிலாறு எரித்துக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் போடுகிறோம். உடுப்புக் கழுவுகிற சவக்காரத்தாலேயே உடம்பையும் தேய்க்கிறோம். சூடும் சவக்காரமும் சேர்ந்து அந்தச் சாந்தைக் கழுவிக் கொண்டுபோகின்றன. மழைக்காலத்தில் அம்மாமார் அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவக்காரத்தை அப்படியே பூசிக்கொண்டு மலைக்குப் போவார்கள். அது மாலைவரை காலிலேயே காயும். ஆக, பனி வருவதற்கு முன்பே சுவர் பாதி இடிந்திருக்கிறது.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. அதனால்தான் முதலில் அந்த இரண்டு இடமும் வெடிக்கிறது. உடம்பில் எங்களுடைய அம்மாமார் ஒரு நாளில் அதிகம் பாவிப்பதும் அந்த இரண்டு இடத்தைத்தான்.

வெடிப்பும் வாசமும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6000 அடிக்கு மேலே இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் மேகம் இல்லாத இரவுகளில் தரை தன்னுடைய சூட்டை எல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிடும். வெப்பமானி 3, 4 பாகை காட்டும்போதே புல்நுனியில் உறைபனி பிடித்துவிடும். அடுத்த நாள் பேப்பரில் படம் வரும். கொழும்பிலிருந்து ஆட்கள் கார் பிடித்துப் பார்க்க வருவார்கள். வெயில் ஏறியதும் பனி உருகும். அது பட்ட தளிர்கள் கருகிப்போய் நிற்கும். பள்ளத்தில் இருக்கும் மலைகள்தான் முதலில் கருகும். கந்தப்பளைப் பக்கம் உருளைக்கிழங்குச் செடிக்கும் இதே கதிதான்.

கொழுந்து கருகினால் கிலோ சேராது. கிலோ சேராவிட்டால் பேர் விழாது. அரைப் பேர் போடுவார்கள். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அந்த 1350 முழுசாகக் கையில் கிடைப்பதற்கு முழுப் பேர் விழ வேண்டியிருந்தது. பனிக்காலத்தில் கையும் வெடித்து, பேரும் பாதியாவது எங்கள் வீடுகளில் வழக்கம்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு விஷயம். மலைநாட்டின் மேற்குப் பக்கம், அதாவது ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, தலவாக்கலை, லிந்துலை எல்லாம் அடங்கிய திம்புளைப் பகுதிக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் தரமான தேயிலைக் காலம். பகலில் வறண்ட வெயில், இரவில் கடும் குளிர், ஓயாத காற்று. அதில் செடி தவித்து மெதுவாக வளரும்போதுதான் இலையில் அந்த வாசம் ஏறும் என்கிறார்கள். ஊவாப் பக்கத்துக்கு அதே காலம் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. கொழும்பு ஏலத்தில் நல்ல விலைக்குப் போவது அந்தந்தக் காலத்துத் தேயிலை.

அப்படியென்றால் எங்கள் குதிகாலை வெடிக்க வைக்கும் காற்றும், தேயிலைக்கு வாசம் கொடுக்கும் காற்றும் ஒரே காற்று. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. செடிக்கு இந்தக் காலத்தில் என்ன ஆகிறது என்பதைப் படித்த ஆட்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். கொழுந்து எடுக்கும் கைக்கு இந்தக் காலத்தில் என்ன ஆகிறது என்று யாராவது எங்கள் வீட்டில் வந்து கேட்டதாக அப்பாயிக்கு நினைவில்லை.

அப்பாயியின் அப்பாயி வந்தது திருச்சிப் பக்கத்திலிருந்து என்று வீட்டில் சொல்லுவாங்க. கோப்பிக் காலத்தில் ஆரம்பித்து, 1867இல் தேயிலை வந்த பிறகும், வெயில் காய்ந்த சமவெளியிலிருந்து சனங்களைக் கொண்டுவந்து இந்தக் குளிரில் விட்டார்கள். தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை நடந்து வந்த அந்தப் பாதையில்தான், 200 வருஷ நினைவாக 2023இல் எங்கள் ஆட்கள் திரும்ப நடந்தார்கள். குளிருக்குக் கொடுத்த கம்பளியைக்கூடக் கணக்கில் எழுதிச் சம்பளத்தில் பிடித்த காலம் அது. கம்பளியையாவது கணக்கில் எழுதினார்கள். வெடிப்பு எந்தக் கணக்கிலும் இல்லை.

யூரியா

குதிகால் வெடிப்புக்கு ஊரில் ஆயிரம் வைத்தியம். மெழுகுவர்த்தியையும் தேங்காயெண்ணெயையும் சேர்த்து உருக்கி, சூடு ஆறுவதற்குள் வெடிப்புக்குள் விடுவது. மருதாணி அரைத்து அப்புவது. விளக்கெண்ணெய். சித்தாலேப. மெழுகு வைத்தியத்தில் உண்மை இருக்கிறது: அது வெடிப்பை மூடி, உள்ளே இருக்கும் ஈரம் போகாமல் தடுக்கும். வெசலின் செய்வதும் அதைத்தான். 1872இல் அமெரிக்காவில் செஸ்பரோ என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இத்தனை வருஷமாகியும் தோல் வைத்தியர்கள் இன்னும் அதைச் சொல்வதற்குக் காரணம், விலை குறைவு, வாசம் இல்லை, வேலை செய்கிறது.

ஆனால் தடித்துப்போன குதிகாலுக்கு வெசலின் மட்டும் போதாது. பாமசியில் கேட்டபோது ஒரு சின்ன டியூப்பைக் காட்டினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று வாசித்துப் பார்த்து மூன்று பேரும் சிரித்துவிட்டோம். யூரியா. மலைக்குப் போடும் அதே யூரியா. தோலிலேயே இயற்கையாகக் கொஞ்சம் யூரியா இருக்கிறதாம். அது நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 10 வீதம் என்றால் தோலை ஈரமாக வைத்திருக்கும், 20 வீதத்துக்கு மேலே போனால் தடித்த தோலையும் மெல்ல இளக்கும்.

வீட்டில் போய்ச் சொன்னோம். அம்மா ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரம் போடுற நாள்ல வெடிப்புல பட்டா உசுரு போகும். அதையா டியூப்ல அடைச்சு விக்கிறாங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் வயல் உரம் வேறு, மருந்து வேறு. தயவுசெய்து யாரும் உர மூட்டையில் கை வைக்காதீங்க. அம்மாவுக்கு அந்த டியூப்பின் விலையைச் சொல்லவில்லை. கிட்டத்தட்ட ஒரு முழுப் பேர். வாங்கிக் கொடுத்தபோது விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடுத்தோம்.

2022இல் சாமான் விலை எல்லாம் ஏறியபோது, வீட்டில் முதலில் நின்றது சவக்காரமும் எண்ணெயும்தான். அந்த வருஷம் வெடிப்புக்கு என்ன பூசினீர்கள் என்று கேட்டோம். "ஒண்ணும் பூசல. மூடிக்கிட்டுப் போனோம்" என்றார்கள்.

வெள்ளையாக்கும் கிரீம்

இதையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. முதலாம் வருஷத்தில் எங்களில் ஒருத்தி, ஒரு ஃபேன்சி கடையில் பெயர் விவரம் எதுவும் ஒழுங்காக இல்லாத ஒரு 'நைட் கிரீம்' வாங்கினாள். வறட்சிக்கு என்று சொல்லித்தான் வாங்கினாள். வெள்ளையாவதற்கு என்று எங்களிடமே சொல்ல அவளுக்கு வெட்கம். இரண்டு கிழமையில் முகம் மினுங்கியது. எல்லாரும் கேட்டார்கள். இரண்டு மாதத்தில் கன்னம் சிவந்து எரிய ஆரம்பித்தது. பனிக்காலத்தில் வீட்டுக்குப் போனபோது முகத்தில் தண்ணீர் பட்டாலே அழுதாள்.

வைத்தியர் சொன்னது: இப்படி வரும் கிரீம்களில் ஸ்டீரொயிட் இருக்கலாம், பாதரசமும் இருக்கலாம். ஸ்டீரொயிட் தோலை மெல்லியதாக்கிவிடும். பாதரசம் சிறுநீரகம் வரை போகும். அழகுசாதனத்தில் பாதரசம் சேர்க்கவே கூடாது என்று மினமாட்டா உடன்படிக்கை சொல்கிறது. பெயர் இல்லாத டப்பாவுக்கு எந்த உடன்படிக்கையும் தெரியாது.

முகம் ஆறுவதற்குப் பல மாதம் எடுத்தது. காலில் எச்சில் தேய்த்ததும் முகத்தில் இதைப் பூசியதும் ஒரே காரணத்துக்காகத்தான் என்று அவளே பிறகு சொன்னாள்.

கட்டைவிரல்

போன வருஷம் ஜனவரியில், எங்களில் ஒருத்தியின் அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போக முடிவெடுத்தார். வீட்டுக் கடன், தம்பியின் டியூஷன், இவளுடைய கெம்பஸ் செலவு. பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். படிவம் நிரப்பவும், சிங்களத்தில் பேசவும் நாங்கள் மூன்று பேரும் கூடப் போனோம்.

விரல் அடையாளம் வைக்கும் இடத்தில் வரிசை நின்றுவிட்டது. கண்ணாடியில் விரலை வைத்தார், பதியவில்லை. துடைத்துவிட்டு வைத்தார், பதியவில்லை. அடுத்த விரல். அதுவும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் கொழுந்து கிள்ளிய விரல்கள். ரேகை தேய்ந்து, அதற்கு மேலே வெடிப்பு குறுக்கும் நெடுக்கும் ஓடி, வெடிப்புக்குள் தேயிலைக் கறை கறுப்பாக இறங்கியிருந்தது. மிஷினுக்கு அது விரலாகத் தெரியவில்லை. அங்கே இருந்தவர் கோபப்படவில்லை. "அம்மா, கையை நல்லாக் கழுவிட்டு வாங்க" என்றுதான் சொன்னார். அவர் இரண்டு முறை போய்க் கழுவிவிட்டு வந்தார். கறை கழுவினால் போகிற கறை இல்லை. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசியில் அவர் மெதுவாகச் சொன்னார்: ரெண்டு கிழமை கிரீம் பூசிக் கை மெதுவானதும் திரும்ப வாங்க.

ரெண்டு கிழமை. பகலில் பூசினால் விரல் வழுக்கும், கொழுந்து எடுக்க முடியாது. வேலைக்குப் போகாமல் இருக்கவும் முடியாது. அதனால் ராத்திரியில் மட்டும் செய்தோம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையை ஊறவைத்து, ஒற்றித் துடைத்து, அந்த யூரியா டியூப்பைப் பூசி, மேலே வெசலின், அதற்கு மேலே பழைய சொக்ஸை உறை மாதிரி மாட்டிவிடுவது. லீவில் இருந்ததால் மகள்தான் தினமும் செய்தாள். அம்மாவின் கையை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று சொன்னாள். பகலில் வெடிப்பது பகலில் வெடித்தது. ராத்திரி ஆறுவது ராத்திரி ஆறியது. அப்படியும் ரெண்டு கிழமையில் வித்தியாசம் தெரிந்தது.

இரண்டாவது முறை போனபோதும் நாங்கள் கூட நின்றோம். அந்தக் கண்ணாடியில் கட்டைவிரல் வைக்கும்போது, அது பதியக்கூடாது என்று மூன்று பேரும் நினைத்திருக்கிறோம். அன்றைக்கு ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளவில்லை. இதை எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

பதிந்துவிட்டது.

நாங்கள் இப்போது செய்வது

தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறோம். பெரிய செலவு இல்லாததை மட்டும்.

கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், இளஞ்சூடு போதும். நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். உடம்பு முழுக்கச் சவக்காரம் தேவையில்லை, அழுக்கும் வியர்வையும் சேரும் இடத்துக்குப் போதும். உடுப்புச் சவக்காரம் உடுப்புக்கு மட்டும்.

துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் எண்ணெயோ வெசலினோ பூச வேண்டும். காய்ந்தபிறகு பூசினால் வறட்சிக்குத்தான் மூடி போடுகிறோம். நாங்கள் இத்தனை வருஷம் செய்த தப்பு இதுதான். எண்ணெயை எப்போதும் பள்ளிக்கூடம் புறப்படும்போதுதான் பூசினோம்.

குதிகாலைப் பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறவைத்து, மெதுவாகத் தேய்த்து, பூசி, சொக்ஸ் போட்டுப் படுங்கள். பிளேடால் சீவாதீங்க. வீட்டில் சீனி வருத்தம் உள்ளவர்கள் இருந்தால், அவர்களுடைய கால் வெடிப்பை நீங்கள் தினமும் பாருங்கள். அவர்களுக்கு வலி தெரியாமலே புண் ஆகிவிடும். இரத்தம், சீழ், வீக்கம் இருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

உதட்டை நாக்கால் நனைக்காதீங்க. எச்சில் காலுக்கு என்ன செய்ததோ அதையேதான் உதட்டுக்கும் செய்யும்.

உயரத்தில் வெயில் குளிராக இருந்தாலும் புற ஊதாக் கதிர் கூடுதல். தொப்பி, தலைத்துணி, முழுக்கைச் சட்டை உதவும்.

ராத்திரியில் அரிப்புக் கூடி, ஒரே காம்பராவில் இருக்கும் எல்லாருக்கும் அரித்தால், அது பனி வறட்சியாக இருக்காது. சொறியாக இருக்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் மருந்து போடாவிட்டால் போகாது. ஒரு காம்பராவுக்குள் ஆறேழு பேர் படுக்கும் வீடுகளில் இதை வறட்சி என்று நினைத்து மாதக்கணக்கில் எண்ணெய் பூசியவர்களை எங்களுக்குத் தெரியும்.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் பார்த்தால், இதில் பாதி எங்கள் அம்மாமாருக்குச் செய்ய முடியாதது. ஈரம் காயாமல் பூச வேண்டும் என்கிறோம். அவர்கள் விடியக்காலை நாலு மணிக்கு எழும்பி, சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பெரட்டுக்கு ஓடுகிறார்கள். சூடான தண்ணீர் வேண்டாம் என்கிறோம். பீலியில் வரும் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரை ஏறும். அதனால் இதைத் தனிப்பட்ட பராமரிப்பு என்று மட்டும் சொல்லி முடிக்க எங்களுக்கு மனசில்லை. கையும் காலும் வெடிப்பது அந்த வேலையால் வருவது. உரம் போடும் நாளில் கையுறை, காலுக்கு ஒழுங்கான சப்பாத்து, மலையில் கை கழுவத் தண்ணீர், தோட்டத்து மருந்துச்சாலையில் பெரசிட்டமோலோடு சேர்த்து ஒரு டப்பா வெசலின். சம்பளப் பேச்சுவார்த்தையில் இதையும் ஒரு வரியாக எழுதலாம். பெரிய தொகை ஒன்றும் ஆகாது.

இந்த ஜனவரி

அந்த அம்மா போய்ப் பல மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமைகளில் வீடியோ கோல் எடுப்பார். போன கிழமை எடுத்தபோது ரூமில் நாங்கள் எல்லாரும் இருந்தோம். மட்டக்களப்பு ரூம்மேட்டும் எட்டிப் பார்த்து, "சுகமா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள். அம்மா எங்கள் ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி விசாரித்தார். ஊரில் பனி எப்படி என்று கேட்டார். லயத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்து மலை கருகிவிட்டது என்று சொன்னோம். "அந்த மலை எப்பவும் அப்படித்தான்" என்றார்.

பிறகு, திடீரென்று நினைவு வந்தது போல, உள்ளங்கையை விரித்து ஃபோனுக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"இங்க பாத்தியா புள்ள, கை எப்படி மெதுவா ஆயிருச்சுன்னு. மேடம் வீட்டுல லோஷன் வெச்சிருக்காங்க. வெடிப்பே இல்ல."

ஸ்கிரீன் முழுக்க ஒரு கை. கறுப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. மகள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கும்மா" என்று சொன்னாள்.

கோல் முடிந்தபிறகு, அவள் எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். இந்த முறையும் ஊரிலிருந்து கட்டியாகத்தான் வந்தது. இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்ட ஆரம்பித்தாள். உருகும் வரைக்கும் நாங்கள் யாரும் ஒன்றும் பேசவில்லை.